மாயக்காள் வீட்டு வெஸ்டர்ன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த ஆள் பாதியோடு நிறுத்திக்கொண்டார். கட்டின வீட்டில் ஒரு சுவரை இடித்துப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கட்டும்போதாவது குடியிருக்க வேறு இடம் இருக்கும். இடிக்கும்போது அந்தத் தூசிக்குள்தான் உலை வைக்க வேண்டும், அந்தத் தூசிக்குள்தான் படுக்க வேண்டும், போகிறவர் வருகிறவர் சொல்கிற யோசனையையும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

கம்பத்தில் மாயக்காள் வீட்டில் இடிக்கப் புறப்பட்டது ஒரு கக்கூஸை. இதிலென்ன கதை இருக்கிறது என்று மூக்கைப் பொத்தாதீர்கள். முட்டி நல்லாயிருக்கிறவர்களுக்குக் கக்கூஸில் கதை இல்லை. மாயக்காளுக்கு இருந்தது.

அவள் அரை ஆயுளை மலைமேல் ஏலத்தோட்டத்தில் கழித்தவள். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போய், இருட்டுமுன் இறங்கி வருகிற பிழைப்பு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்த்துத் தொலைத்தால் பரவாயில்லை, தூரில் காய்க்கிறது. குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படிக் குத்தவைத்துக் குத்தவைத்துக் கட்டிய வீடு அது. புருசன் போய்ச் சேர்ந்த பிறகு வீடு அவள் பேருக்கு வந்தது. மகன் சுருளிராஜன் இப்போது அதே மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறான். மருமகள் ஓவியா முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். வீட்டுக்கு எல்லாம் இருந்தது. முட்டிதான் இல்லை.

கக்கூஸ் புழக்கடையில், மூன்று படி ஏறிப் போகிற மாதிரி இருந்தது. மழை பெய்தால் படியில் பாசி பிடிக்கும். உட்கார்கிற பேசின் தரையோடு தரையாக. உட்காருவது ஒரு பாடு, எழுந்திருப்பது பெரும்பாடு. சுருளிராஜன் மருந்துக்கடையில் விசாரித்து, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கிவந்து பேசின்மேல் வைத்தான். தீர்ந்தது கவலை என்று அவன் ஜீப்பைக் கிளப்பிப் போய்விட்டான். ஆம்பளைகளுக்குக் கவலை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒருநாள் ஈரத்தரையில் அந்த நாற்காலி வழுக்கியது. மாயக்காள் உள்ளே விழுந்து கிடந்தாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. கத்தினால் தெருவே வந்து நிற்கும் என்பதால் கத்தவும் இல்லை. ஓவியாதான் வெகுநேரமாக அத்தையைக் காணோமே என்று வந்து, தகரக் கதவைக் கீலோடு பிடுங்கிப்போட்டுத் தூக்கினாள். கதவை மறுபடி மாட்டின பிறகும் மாயக்காள் அதைத் தாழ் போடுவதில்லை. உள்ளே உட்கார்ந்துகொண்டு, யாராவது புழக்கடைப் பக்கம் வருகிற சத்தம் கேட்டால் இருமுவாள். ஒருகாலத்தில் ஜீப்பில் இடம் போதவில்லையென்று டிரைவர் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட மனுசி, கதவைச் சாத்தி வைத்து இருமிக்கொண்டிருந்தாள்.

அந்த இருமலைத்தான் ஓவியாவால் தாங்க முடியவில்லை.

"அத்தை, உள்ளுக்குள்ளயே ஒரு வெஸ்டர்ன் வச்சிருவோம். மூட்டை போடுற அறை சும்மாத்தானே கெடக்கு," என்றாள்.

"சாமி படத்துக்கும் கக்கூஸுக்கும் ஒரே சொவரா? நல்லாருக்குடி நீ சொல்றது."

"சாமிய எதுத்தாப்புல மாட்டுவோம்."

"இடிக்கிறது எதுக்கு? படியில சொரசொரப்பா ஒரு பூச்சுப் பூசினாப் போதும்."

"படி வழுக்கலை அத்தை. உங்க முட்டிதான் மடங்கலை. முட்டிக்குப் பூச்சு உண்டா?"

கட்டின வீட்டுக்கு நொட்டை சொல்லாத ஆள் ஏது? தெருவில் ஒருத்தர் வாஸ்துப்படி வடமேற்கு மூலைதான் என்றார், ஒருத்தர் பேசாமல் முட்டியை ஆபரேசன் பண்ணிக்கொள் என்றார். பக்கத்து வீட்டு மாரீஸ்வரி மட்டும், "உள்ள வச்சா எனக்கும் ஒரு அவசரத்துக்கு ஆகும்," என்று ஆதரித்தாள். மாயக்காள் சொன்ன சாக்குகளை ஓவியா ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள். சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைத்தான் அவளால் தட்ட முடியவில்லை, அது அவளுக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் கைவைக்க மாயக்காளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு இரண்டு வயது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசியில் ஓவியாவின் பிடிவாதம்தான் ஜெயித்தது. இரண்டு பேரும் பஸ் ஏறித் தேனிக்குப் போனார்கள். கடையில் வெள்ளை வெளேரென்று வரிசையாக வைத்திருந்தார்கள். "உக்காந்து பாருங்கம்மா," என்று கடைக்கார ஆள் பேச்சுக்குத்தான் சொன்னார். மாயக்காள் நிஜமாகவே சேலையை ஒதுக்கிக்கொண்டு ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்தாள். கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்த்தாள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி டைல்ஸ் பார்க்க வந்தவர்கள் இவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓவியா குழாய் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். கொஞ்சம் உயரமாக இருந்த ஒன்றில் உட்கார்ந்து, ஊன்றாமல் எழுந்து நின்றபோது மாயக்காள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இதைக் கட்டச் சொல்லுத்தா," என்றாள் மாயக்காள். "இது நம்மளை மதிக்குது."

கொத்தனார் மொக்கைச்சாமி நாள் பார்த்து வந்தார். தூரத்துச் சொந்தம், மாயக்காளுக்குக் கொழுந்தன் முறை. பழைய கக்கூஸை முதலில் இடித்தார், அந்தச் செங்கலைத்தான் உள்ளே தடுப்புக்கு வைப்பதாகப் பேச்சு. வேலை முடிகிறவரை மாரீஸ்வரி வீட்டுக் கக்கூஸுக்குப் போய்க்கொள்ள ஏற்பாடு. அது தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. மாயக்காள் கம்பை ஊன்றி, ஓவியா தோளைப் பிடித்துப் போய் வந்தாள். மாரீஸ்வரி வீடு பூட்டியிருந்தால் அந்த வாசலிலேயே நிற்பாள். கொஞ்ச நாள்தானே என்று இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள்.

தடுப்புச் சுவர் எழும்பிப் பூச்சு வேலை நடந்தபோதுதான் அது நடந்தது. மொக்கைச்சாமி டீ குடிக்கப் போயிருந்தார். மாயக்காள் சிமெண்டு மூட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடலாமென்று உள்ளே வந்தாள். அங்கே ஓவியா ஈரச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணை மூடி, பிள்ளை உச்சந்தலையை மோந்து பார்க்கிற மாதிரி, இழுத்து இழுத்து மோந்தாள். அப்புறம் கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்து ஓரத்தைக் கொறித்தாள்.

மாயக்காள் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பினாள். அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே. சுருளி வயிற்றிலிருந்தபோது தோட்டத்துச் செம்மண்ணைப் பிசைந்து மடியில் முடிந்துவைத்துத் தின்றவள். போன மாதம் ஓவியா, கால் வலிக்கிறது என்று தையல் மிஷினுக்கு மோட்டார் மாட்டச் சொன்னதும், பழுத்த பப்பாளியைத் தொடாமல் தள்ளி வைத்ததும், லைனிங் துணி எடுக்கத் தனியாகத் தேனிக்குப் போய்வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மருமகள் முழுகாமல் இருக்கிறாள்.

சந்தோசம் வந்தது. வந்த வேகத்தில் அதன் கழுத்தைப் பிடித்தது பயம்.

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது, ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு வருசத்துக்கு முந்தி, ஓவியா முதல் பிள்ளை உண்டாகியிருந்தபோது, அந்தத் தெருவில் குடிதண்ணீருக்குப் படாத பாடு. வீட்டில் போர் போட வருகிற லாரி அன்றைக்கு விட்டால் அப்புறம் மாசக்கணக்கில் வராது என்றார்கள். தோண்டவா வேண்டாமா என்று முடிவு சொல்ல வேண்டியவள் வீட்டுக்காரி. தோண்டுங்கள் என்று சொன்னாள் மாயக்காள். லாரிக்கு மாலை போட்டாள். தண்ணீர் பீறிட்டு வந்தது. அடுத்த ஓரிரு நாளில் ஓவியாவின் வயிறு கலைந்தது. "புள்ளத்தாச்சி வீட்ல பூமியத் தொளைச்சா சும்மா விடுமா?" என்று தெரு பேசியது. மாரீஸ்வரியும் பேசினாள். யாரும் மாயக்காளிடம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் அவளிடம் சொன்னது.

அந்த வருசம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அவள் அக்கினிச்சட்டி எடுத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, உன் மாமா உயிரோடு இருந்தபோது அவருக்காக நேர்ந்தது என்று ஓவியாவிடம் பொய் சொன்னாள். அரைகுறையாக இருந்த முட்டி, சட்டியோடு அந்தக் கூட்டத்தில் நின்று நடந்ததில் முழுசாகப் போய்விட்டது. போகட்டும் என்றுதான் நினைத்தாள். ஓர் உயிருக்கு ஒரு முட்டி என்ன பெரிய விலை?

இப்போது என்ன செய்வது? வேலையை நிறுத்தினால் பேறுகாலம் முடிகிறவரை வீட்டில் கக்கூஸே கிடையாது. வாயும் வயிறுமாக இருக்கிறவள் நேரங்கெட்ட நேரத்தில் தெருவைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் நிற்கவா? நிறுத்தாவிட்டால்... அதை அவளால் நினைக்க முடியவில்லை. அடுப்படியிலேயே நின்று ஒரு வழி கண்டுபிடித்தாள். இடிப்பு முடிந்துவிட்டது. இனிப் பூச்சும் டைல்ஸும்தான். ஒட்டுகிற வேலையில் என்ன தோசம் இருக்கப்போகிறது? தவிரவும், ஓவியா இன்னும் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமல் வீட்டில் நடந்த வேலைக்குச் சாமி கணக்குக் கேட்க முடியுமா? சாமியை இப்படி வக்கீல் மாதிரி மடக்கிவிட்டு அவள் தார்ப்பாயை எடுக்கப் போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஓவியா வாந்தி எடுத்துவிட்டு வந்து, "சிமெண்டு தூசி அத்தை, கொமட்டுது," என்பாள். "ஆமாத்தா, எனக்குந்தான் கொமட்டுது," என்பாள் மாயக்காள். குடத்தைத் தூக்கப் போனால், "வை, வை, அதுல சுண்ணாம்பு பட்டிருக்கு," என்று பிடுங்குவாள். மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்ப்பொடி தொட்டு, "என் நாக்குச் செத்துக் கெடக்கு, உனக்கும் ரெண்டு வச்சிருக்கேன்," என்று மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். மொக்கைச்சாமி கொத்துக்கரண்டியை எடுத்து ஒரு பிசிறைத் தட்டினால் ஓடிவந்து, "பையத் தட்டுங்க கொத்தனாரே, சொவருக்கு வலிக்கப்போகுது," என்பாள். மொக்கைச்சாமி இத்தனை வருசத்தில் வலிக்கிற சுவரைப் பார்த்ததில்லை.

சுருளிராஜனுக்கு ஒன்றும் தெரியாது. ஓவியா அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் அவன் ஜீப்பில் ஏறின அத்தனை பேருக்கும் தெரியும், மதியத்துக்குள் மலைக்கு அந்தப்புறம் கேரளாவில் மலையாளத்திலும் தெரிந்துவிடும்.

டைல்ஸ் ஒட்டி, வெஸ்டர்னைக் கொண்டுவந்து இறக்கி, இனிக் குழாயைப் பழைய கக்கூஸ் குழியோடு சேர்க்க வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலையில், மொக்கைச்சாமி புழக்கடையில் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். கொத்தனார் துண்டை அவிழ்த்தால் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

"மதினி, குழி உள்ளுக்குள்ள சரிஞ்சு கெடக்கு. கல்லுக் கட்டு வாயப் பொளந்திருச்சு. இதுல போயி புதுக் குழாயச் சேத்தா, நாலு மழையில மேல நடக்குற ஆளோட உள்ள போயிரும்."

"என்ன செய்யலாங்கிறீக?"

"அந்தா அங்கன, முருங்கைக்குப் பக்கத்துல புதுசாத் தோண்டி சிமெண்டு உறை எறக்கணும். அதான் முறை. இல்ல, சும்மா ஒப்பேத்தணும்னா இதுலயே சுத்திச் சிமெண்டு அடைச்சு ஒட்டுப் போடலாம். எம்புட்டு நாளைக்குத் தாங்கும்னு என்னையக் கேக்கக் கூடாது."

"ஒட்டே போடுங்க," என்றாள் மாயக்காள்.

தோண்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் கண் போர்க் குழாய்ப் பக்கம் போயிருந்தது.

ஓவியா புழக்கடை வாசற்படியில் வந்து நின்றாள். "எதுக்கு மாமா ஒட்டு? புதுசே தோண்டுங்க. இம்புட்டும் செஞ்சுட்டு அரைகொறையா விடவா?"

"ஒட்டுப் போதும்ங்கேன்ல?"

"ஏன் அத்தை? அவுக தாங்காதுங்கிறாக, நீங்க போதும்ங்கிறீக. நீங்களா கொத்தனாரு?"

"வீடு எம்பேர்ல இருக்குடி. நாஞ் சொல்றதுதான்."

இதுவரை அந்த வீட்டில் யாரும் பேசாத பேச்சு அது. சொன்னவளுக்கே சுருக்கென்று இருந்தது. மொக்கைச்சாமி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. மாமியா மருமக சண்டைக்கு நடுவுல நின்ன கொத்தனாருக்குக் கூலி வந்ததா சரித்திரம் இல்ல," என்றார்.

ஓவியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்க பேர்லயே இருக்கட்டும் அத்தை. ஒங்களுக்காகத்தானே இம்புட்டும். முந்தாநேத்து மாரீஸ்வரி மதினி வீடு பூட்டிக் கெடக்குன்னு அந்த வாசல்ல நின்னீகளே, நாந்தானே சேலைய மாத்திவிட்டேன். அது எனக்கு மறக்குமா? இனிமே அப்பிடி நீங்க நிக்கக் கூடாது. மாமா, நீங்க தோண்டுங்க."

மொக்கைச்சாமி கடப்பாரையை ஓங்கினார்.

"எம் முட்டி போனாப் போகுது!" மாயக்காள் அலறினாள். "உன் வயித்துல கெடக்குறதுக்காகத்தான் வேணாங்கேன்!"

மொக்கைச்சாமி ஓங்கின கடப்பாரையைக் கீழே வைத்தார், பழுக்கக் காய்ந்த இரும்பைத் தொட்டுவிட்டவர் மாதிரி. "ஏத்தா, நெசமாவா? அடப் பாவிகளா, சொல்லியிருந்தா சுத்தியக்கூடத் தொட்டிருக்க மாட்டேனே! மதினி, என் தலையில இப்பிடிப் பாவத்தத் தூக்கி வச்சிட்டீகளே!" என்றவர் அப்போதே கையைக் கழுவிக்கொண்டு, கரண்டியையும் மட்டப்பலகையையும் சாக்கில் போட ஆரம்பித்தார்.

ஓவியா உள்ளே போய்த் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாயக்காள் பின்னாலேயே போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும் அத்தை?"

"சொவத்த மோந்து பாத்தியே, அன்னைக்கே."

"தெரிஞ்சுமா கேக்கல?"

"கேட்டா வேலைய நிறுத்தணும். நிறுத்தினா உனக்குக் கக்கூஸ் இல்ல. நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னா நிறுத்துவீக. நிறுத்தினா ஒங்களுக்குக் கக்கூஸ் இல்ல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஓவியாவுக்கு வந்தது. மாயக்காளுக்கு வரவில்லை. அவள் தன் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஒரு தடவை தோண்டச் சொல்லி ஒரு உசுரக் கொன்னவ நான். இன்னொரு தடவை இந்த வாயால தோண்டுன்னு சொல்ல மாட்டேன் ஓவியா. கக்கூஸ் கெடக்குது கழுதை."

ஓவியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்ன சொன்னீக?"

"போர் போட்டதத்தான் சொல்றேன்."

ஓவியா எழுந்து வந்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த லாரி வர்றதுக்கு முன்னாடியே போயிருச்சு அத்தை. தேனியில ஸ்கேன் எடுத்துட்டு, துடிப்பு இல்லன்னாக. ஒரு வாரம் கழிச்சு வா, இன்னொரு தடவை பாத்துருவோம்னாக. வடுகபட்டியில எங்கம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்தா நீங்க லாரிக்கு மாலை வாங்கி வச்சுக்கிட்டு நிக்கீக. அம்புட்டு வருசமா தெருக்குழாயில குடத்த வச்சுக்கிட்டு நின்ன மனுசி சிரிச்சுக்கிட்டு நிக்கும்போது, எப்பிடிச் சொல்லுவேன்? தண்ணி வந்துரட்டும், அப்புறம் சொல்லுவோம்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. தெருவே போர் மேல பழியப் போட்டுச்சு. என் வயித்து மேல வராம இருக்கேன்னு நானும் பேசாம இருந்துட்டேன். போரு இரும்புதானே, பழியத் தாங்கிக்கிரும்னு நெனச்சேன். நீங்க சொமந்துக்கிட்டு இருப்பீகன்னு எனக்குத் தெரியாது அத்தை."

மாயக்காள் தன் முட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"அப்ப அந்த அக்கினிச்சட்டி?" என்று ஓவியா கேட்டாள். கேட்டவுடனே பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. மாயக்காளின் வீங்கின முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மாயக்காளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். இரண்டு வருசம்! குழாயைத் திறந்தால் குற்றம், குடத்தைத் தூக்கினால் குற்றம் என்று இரண்டு வருசம் செத்துப் பிழைத்திருக்கிறாள். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று கை பரபரத்தது. ஆனால் கண்ணுக்குள் அந்தப் போர் போட்ட நாள் வந்தது. லாரிக்காரர்களுக்கு யார் டீ போட்டுக் கொடுத்தது? இந்தப் பெண்தான். தண்ணீர் பீறிட்டபோது முதல் ஆளாகக் கை தட்டியது யார்? இவள்தான். துடிப்பு நின்றுபோன வயிற்றை வைத்துக்கொண்டு கையைத் தட்டினாள், மாமியார் சந்தோசம் கெட்டுவிடக் கூடாதென்று. அதை நினைத்ததும் மாயக்காளின் ஆத்திரமெல்லாம் கரைந்து கண்ணில் வந்துவிட்டது. ஓங்க நினைத்த கை ஓவியாவின் தலைமேல் போய் உட்கார்ந்தது.

"கூறுகெட்ட கழுதை," என்றாள். "ரெண்டும் கூறுகெட்ட கழுதைக. ஒண்ணு சொல்லலை, ஒண்ணு கேக்கலை."

"இந்தத் தடவை துடிப்பு இருக்கு அத்தை," என்றாள் ஓவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "லைனிங் எடுக்கப் போனேன்ல, அன்னைக்குப் பாத்தேன். சத்தத்தக் கேக்க வச்சாக."

"எப்பிடி இருந்துச்சு?"

"ஒங்க மகன் ஜீப்பு மலையேறுற மாதிரி இருந்துச்சு."

மாயக்காள் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மொக்கைச்சாமி சாக்கைக் கட்டித் தோளில் போடுகிற சமயத்தில் புழக்கடைக்கு வந்து சேர்ந்தாள்.

"கொத்தனாரே, சாக்கை எறக்குங்க. முருங்கைக்குப் பக்கத்துல தோண்டுவோம்."

"விடுங்க மதினி. புள்ளத்தாச்சி வீட்ல நான் பூமியத் தொட மாட்டேன். எனக்கும் பேரன் பேத்தி இருக்கு. பேறுகாலம் முடியட்டும், கூலியில்லாமக்கூட வந்து தோண்டித் தர்றேன்."

"அதுவரைக்கும் அவ எங்கன போவா? தெருவச் சுத்தி மாரீஸ்வரி வீட்டுக்கா? வாசல்ல நிக்கச் சொல்றீகளா? இல்ல, சரிஞ்ச குழி மேல நடக்கச் சொல்றீகளா? பூமியத் தொட்டாத்தான் தோசம், அது இவளை உள்ள இழுத்தா தோசமில்லையா?"

மொக்கைச்சாமி சாக்கை இறக்கவில்லை. மாயக்காளுக்கு மட்டும் பயம் போய்விட்டதா? ஓர் உண்மையைக் கேட்டவுடன் அறுபது வருசமாகக் கேட்டு வளர்ந்த நம்பிக்கை சேலைத் தூசி மாதிரி உதிர்ந்துவிடாது. போர் கொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. குழி ஒன்றும் செய்யாது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இருந்தாலும், போன தடவை முடிவு சொல்லிவிட்டு மாலையோடு ஓரமாக நின்றதைப் போல இந்தத் தடவை நிற்க அவளுக்கு மனசில்லை.

"பாவம் ஒங்களுக்கு வேணாம். வீட்டுக்காரி நான். முதல் குத்து நான் குத்துறேன்," என்றாள்.

கம்பைச் சுவரில் சாத்திவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். முருங்கை மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வடக்கே வீரபாண்டிப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "கௌமாரி, நான் தப்புன்னா என்னையப் பாத்துக்க. அவளத் தொடாத," என்றாள். குத்தினாள். ஏலத்தோட்டத்தில் காய்த்துப்போன கைதான், இருந்தாலும் நாலு விரல் ஆழம்தான் இறங்கியது. அது போதும்.

மொக்கைச்சாமி சாக்கை இறக்கினார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார்.

"நீங்க உள்ள போங்க மதினி. ஆனா புள்ளைய இந்தப் பக்கம் வர விடாதீக."

ஓவியாவை வடுகபட்டியில் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கலாமா என்று மாயக்காளுக்கு ஒரு யோசனை ஓடியது. அதைச் சொன்னதுமே, "அங்கன நான் போனா, இங்கன நீங்க ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை சாவீக. நான் போகல," என்று ஓவியா கட்டிலில் சாய்ந்துவிட்டாள். மாயக்காள் புழக்கடைக் கதவைச் சாத்தினாள். டி.வி.யைச் சத்தமாக வைத்தாள். அப்படியும் சுவரைத் தாண்டி வந்தது சத்தம். தொம். தொம். ஒவ்வொன்றும் அவள் நெஞ்சிலேயே விழுந்தது.

கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, கூச்சத்தோடு கையை நீட்டி, ஓவியாவின் வயிற்றை அகல விரித்த உள்ளங்கையால் மூடினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகளின் வயிற்றை அவள் தொட்டது இதுதான் முதல் தடவை. இன்னும் மேடுகூடத் தட்டாத வயிறு. வெளியே கடப்பாரை விழுந்தது. கை தானாக அழுத்திப் பொத்தியது, இடி இடிக்கும்போது பிள்ளையின் காதைப் பொத்துகிற மாதிரி.

"ஒண்ணுமில்லடா கண்ணு, பயப்படாத," என்று குனிந்து அந்த வயிற்றிடம் சொன்னாள் மாயக்காள். "உன் அப்பத்தாவுக்குக் கக்கூஸ் கட்டுறாக."